பெஞ்சி போட்ட கடைகள்

கும்பகோணம் என்று சொன்ன மாத்திரத்தில் நேயர்களில் சிலருக்குக் கோபுரங்கள் ஞாபகத்துக்கு வரும்; சிலருக்கு மகாமகம் வரும்; சிலருக்கு வெற்றிலை; மிகப் பெரும்பாலோருக்கு டிகிரி காப்பி. கோபுரங்களைப் பற்றி ஸ்தல புராணங்கள் இருக்கின்றன. மகாமகத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்துவிடுகின்றன. 2016-ல் எழுதின, 2028-லும் எழுதப் போகின்றன. வெற்றிலைக்கோ 2025-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. காப்பியின் பெருமையைப் பற்றி இனி நாம் எழுதி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே இவற்றில் எதிலும் சேராத ஒரு விஷயத்தை எழுதப் புகுகிறோம். அந்த ஊர்க் கடைகளின் வாசலில் ஒரு காலத்தில் போட்டிருந்த மரப் பெஞ்சிகளைப் பற்றியே இந்தக் கட்டுரை.

பெஞ்சியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும். அந்தப் பெஞ்சிகள் இருந்தவரையில் நாமும் அவற்றைக் கவனித்தவர்கள் அல்ல. சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் மூன்று நாள் அந்த ஊரில் தங்கி, காலையும் மாலையும் கடைவீதியைச் சுற்றி வந்தபோதுதான், உட்கார ஓர் இடமில்லை என்பது முதலில் நம் கால்களுக்கும் பிறகு நம் மனத்துக்கும் தெரிந்தது.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுவது நல்லது. வடக்கே காவேரி, தெற்கே அரிசிலாறு, இரண்டுக்கும் நடுவே குடந்தை நகரம். ரயில் ஸ்டேஷனிலிருந்து வடமேற்காக நடந்தால் மகாமகக் குளம். அதையும் தாண்டிச் சென்றால் பொற்றாமரைக் குளம், சாரங்கபாணி கோயில், கும்பேசுவரர் கோயில், சக்கரபாணி கோயில், இராமஸ்வாமி கோயில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் இருப்பதெல்லாம் கடைகள்தாம். இது தற்செயலாக ஏற்பட்டதன்று. தஞ்சை நாயக்க மன்னர்களுக்கு அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர், இராமஸ்வாமி கோயிலுக்கும் சக்கரபாணி கோயிலுக்கும் நடுவே ஒரு கடைவீதியையே அமைத்தார் என்பது சரித்திரம். கடவுளைத் தரிசிக்க வருகிறவன் மனிதரையும் சந்திக்கட்டும் என்று அந்தப் பெரியவர் கருதினார் போலும்!

வியாபாரமும் வித்தையும் இந்த ஊரில் என்றுமே அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவை. 1854-ல் ஏற்பட்ட கலாசாலை காவேரிக் கரையில் இன்றும் நடக்கிறது. 1904-ல் கும்பகோணம் பாங்கு என்ற பெயருடன் தொடங்கிய வங்கி, வேறு பெயருடன் இன்றும் இங்கேயே தலைமைக் காரியாலயத்தை வைத்திருக்கிறது. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சந்நிதித் தெருவில் நினைவில்லமாக இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு, அவருடைய தகப்பனார் இவ்வூர் ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர் என்பது தெரியாது. எண்களின் இரகசியங்களைக் கண்டு உலகத்துக்குச் சொன்ன பிள்ளையின் வீட்டில், அரிசியும் பருப்பும் வந்தது கடைக் கணக்குப் புத்தகத்தின் தயவினால்தான்.

நாம் இந்தக் கலாசாலை இருந்த ஊரில் மாணவராகத் திரிந்து இருபத்தைந்து வருஷங்கள் ஆகின்றன. அப்போது கடைவீதியில் வெற்றிலை பாக்குக் கடைகள் எத்தனையோ இருந்தன. கடை என்றால் பெரிய மண்டபம் அன்று. ஒருவர் சம்மணமிட்டு உட்காரலாம், எழுந்து நிற்க முடியாது. ஒரு பக்கம் ஈரத் துணியில் சுற்றிய கொழுந்து வெற்றிலை; ஒரு பக்கம் சீவல் டப்பா; நடுவில் சுண்ணாம்புச் சொப்பு. வாசலில் ஒரு பெஞ்சி. வெற்றிலை வாங்குகிறவர் உடனே போய்விட மாட்டார். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவலை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அது சிவக்கிற வரையில் ஊர்ச் சமாசாரம் பேச வேண்டும். தாம்பூலம் அவசர வஸ்து அல்ல. ஆகவே பெஞ்சி அந்த வியாபாரத்தின் அங்கமாகவே இருந்தது.

அந்தப் பெஞ்சியில் அமர்ந்தவர்கள் யார் யார்? கச்சேரி முடிந்து திரும்பும் தவில் வித்வான், பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிரப் பெரியவர், நெல் மண்டிக் கணக்குப் பிள்ளை, கோர்ட்டிலிருந்து வரும் வக்கீல் குமாஸ்தா, கிராமத்திலிருந்து பம்புசெட்டுக்கு வாஷர் வாங்க வந்த மிராசுதார். வேறெங்கும் ஒரே பெஞ்சியில் உட்கார வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் இவர்கள். மழை பெய்யுமா, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், எந்த நாயனக்காரர் எந்த ராகத்தை நேற்று வாசித்தார், எந்த மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று சம்பாஷணை போகும். பேசியவர்களுக்குள் அபிப்பிராய பேதம் ஏராளம். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் அதே பெஞ்சிக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால், சண்டைக்கும் ஒரு மரியாதை இருந்தது.

வெற்றிலைக் கடை கடைவீதியின் திண்ணை என்றால் காப்பிக் கடையை அதன் கூடம் என்று சொல்லலாம். இந்த ஊர்க் காப்பிக்கு டிகிரி காப்பி என்று பெயர் வந்ததற்குப் பலர் பல காரணம் சொல்லுவார்கள். பால்மானியை வைத்துப் பாலின் தரத்தை அளந்து, தண்ணீர் கலவாத பாலில் மட்டுமே காப்பி கலந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் கூற்று. காரணம் எதுவானாலும், பித்தளை டவராவும் டம்ளருமாக அது வந்து மேஜைமேல் உட்காரும் கம்பீரம் தனி. காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகளின் வாசனையைக் கொண்டே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்ற விவாதத்தில் வேதாந்த விசாரம் பட்டபாடு படும்.

இலக்கியமும் இந்த வீதிகளில் உலாவியதுண்டு. குடந்தை இரட்டையர் என்று புகழ் பெற்ற கு. ப. ராஜகோபாலனும் ந. பிச்சமூர்த்தியும் இந்த ஊர்க்காரர்கள். எம். வி. வெங்கட்ராம் இங்கே சரிகை வியாபாரம் செய்துகொண்டே கதை எழுதியவர். தி. ஜானகிராமன் இங்கே கலாசாலையில் படித்தவர். அவருடைய 'மோகமுள்'ளில் நடமாடும் ஊர் இதுவே. கடைத் தெருவின் பேச்சைக் காதாரக் கேட்டவர்களால்தான் அப்படிப்பட்ட சம்பாஷணைகளை எழுத முடியும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

இவ்வளவு தூரம் எழுதியதை இல்லத்தரசிக்குப் படித்துக் காட்டினோம். அவள் பொறுமையுடன் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான். அந்தப் பெஞ்சியிலே எங்களில் யார் உட்கார்ந்தது? அதையும் எழுதிவிடுங்கள்" என்றாள். நியாயமான கேள்விக்கு நியாயமான இடம் கொடுக்கத்தான் வேண்டும்.

உண்மை இதுதான். அந்தப் பெஞ்சிகளில் ஸ்திரீகள் உட்கார்ந்ததில்லை. அவர்களுக்கு இருந்தவை காவேரிப் படித்துறை, கோயில் பிராகாரம், பூக்காரியின் கூடையைச் சுற்றிய நாலடி இடம், வளையல் செட்டியார் வந்து உட்காரும் வீட்டுத் திண்ணை, இவ்வளவுதான். புருஷர்களிலும் எல்லாரும் எல்லாப் பெஞ்சியிலும் உட்கார்ந்துவிடவில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் காப்பிக் கடைகளில் இன்ன சாதியாருக்கு மட்டும் என்று பலகை தொங்கியது. உள்ளே தனி இடம், வெளியே தனி டம்ளர் என்ற கொடுமையும் நடந்தது. 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகிய எதிலும் சாதி, மதம், பால் காரணமாக ஒரு பிரஜையையும் தடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. கடைகளைப் பற்றியும் படித்துறைகளைப் பற்றியும் அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த இடங்களின் முக்கியத்துவமும் அங்கே நடந்த அநீதியின் ஆழமும் ஒருங்கே விளங்கவில்லையா? சட்டம் வந்த பிறகும் பலகைகள் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. 1957-ல் பெரியார், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப் பலகையிலிருந்த சாதிப் பெயரை எடுக்கச் சொல்லிக் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. ஆகவே, பழைய கடைவீதி மறைந்ததே என்று வருந்தும்போது, அதில் எந்தப் பகுதி மறைந்ததற்கு வருந்துகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொள்வது அவசியம். பலகை போனது நல்லது. பெஞ்சியும் கூடவே போய்விட்டதுதான் வருத்தம். எல்லாரும் உட்காரலாம் என்று ஆன சமயத்தில் உட்கார இடம் இல்லாமற் போய்விட்டது!

இந்தக் கணக்கில் தட்டெழுத்துப் பள்ளிகளுக்கு ஒரு நல்ல மார்க்குக் கொடுக்க வேண்டும். மாடிப்படி ஏறிப் போனால் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள். சேர்ந்தாற்போல் மழை கொட்டுகிற மாதிரி ஒரு சப்தம். ஹையர் பரீட்சை பாஸ் செய்தால் சர்க்கார் உத்தியோகம் என்ற நம்பிக்கையில், அதுவரை கடைவீதிக்குத் தனியே வராத பெண்கள் தினந்தோறும் ஒரு மணி நேரம் அங்கே வந்தார்கள். பெற்றோர்கள் ஆட்சேபிக்காமல் பெண்களை வெளியே அனுப்பிய இடங்களில் அது ஒன்று. கணிப்பொறி வந்தது; சப்தம் குறைந்தது; மாடிகள் பலவற்றில் இப்போது வேறு போர்டு தொங்குகிறது.

வாசகசாலைகளின் கதை இன்னும் பெரியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் இவ்வூருக்கு வந்து வேதாந்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். கேட்பதற்கும் படிப்பதற்கும் ஜனங்கள் கூடுகிற பழக்கம் இந்தச் சீமையில் அவ்வளவு பழையது. இங்கிருந்து அதிக தூரமில்லாத மன்னார்குடியில் 1931-ல் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார் கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர். அதற்கு யோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன். அதே ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலகத்துக்கென்று ஒரு சிறு வரியும் சேர்ந்தது. இன்றைக்கும் அந்த வரியை நாம் கட்டுகிறோம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இவை தவிர வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை; சுவர் முழுதும் பழுப்புக் காகித அட்டை போட்ட நாவல்கள். அவற்றில் அச்சகத்திலிருந்து வந்த புத்தகம் பாதி. வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்தவை மீதிப் பாதி. 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் எத்தனை வீடுகளுக்கு இந்த பைண்டு ரூபத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கின்றன! பைண்டுக் கடைக்காரரிடம் கொடுத்தால், பசை காய ஒரு வாரம் என்பார். அந்த ஒரு வாரத்தில் அவரும் படித்து முடித்துவிடுவார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அடுத்தது எது என்று நூல் நிலையக்காரரே எடுத்துக் கொடுப்பார். நம் புத்தியின் போக்கை அறிந்து, அதற்குச் சற்று மேற்பட்ட ஒன்றைக் கொடுத்து மேலே ஏற்றிவிடும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் இன்று செய்ய முயலுகிற காரியத்தைத்தான் அவர் நாளொன்றுக்கு நாலணா வாடகையில் செய்துவந்தார்.

வாடகை சைக்கிள் கடையைச் சொல்லாமல் விட்டால் சிறுவர்கள் நம்மை மன்னிக்க மாட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசி, அரை சைக்கிளும் கால் சைக்கிளும் எடுத்துக்கொண்டு, குரங்குப் பெடல் போட்டு மகாமகக் குளத்தைச் சுற்றாத பையன் அந்த நாளில் குடந்தையில் இல்லை. கடைக்காரர் நோட்டில் நேரத்தை எழுதுவார். பையனின் பெயரை எழுத மாட்டார், அப்பாவின் பெயரைத்தான் எழுதுவார். ஊரில் யார் பிள்ளை யார் என்று அறிந்தவரிடம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே ஓடிவிட முடியும்?

கன்னார் கடைகளில் நடந்த ஒரு காரியம் இன்றையச் சிறுமிகளுக்குக் கதைபோல் இருக்கும். பித்தளைப் பாத்திரத்தில் புளிப் பண்டம் வைத்தால் களிம்பு ஏறும். ஆகவே உட்புறம் ஈயம் பூச வேண்டும். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றினால், கறுத்த பாத்திரத்துக்குள் நிலா உதித்தாற்போல் வெளுப்பு ஓடும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் நிற்கும். எவர்சில்வர் வந்தது, ஈயத்துக்கு வேலை போயிற்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் புதல்விக்கு இதை விவரித்தபோது, "அப்படியானால் பாத்திரத்தை ரிப்பேர் செய்து வைத்துக்கொள்வார்களா?" என்று ஆச்சரியத்துடன் கேட்டாள். ரிப்பேர் செய்வது என்ற எண்ணமே அவளுக்குப் புதியது.

இவை எல்லாம் ஏன் மறைந்தன? பெரிய கடைகள் வந்து சிறிய கடைகளை விழுங்கிவிட்டன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. சில கடைகளைக் கொன்றது காலம். தொலைபேசிக் கூண்டுகளைக் கைபேசி ஒழித்தது. 2013 ஜூலையில் தந்தி முறையே நின்றது. 2011-ல் நாலணா நாணயம் செல்லாமற் போனபோது, நாலணாவுக்கு விற்றவன் எதை விற்பான்? சில கடைகளைக் கொன்றது பிள்ளைகளின் படிப்பு. அப்பா கடையில் உட்கார்ந்து மகனை இன்ஜினீயர் ஆக்கினார். மகன் சென்னைக்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போனான். கடைக்கு வாரிசு இல்லை. இதை நாம் குறை சொல்ல முடியுமா? அந்தத் தகப்பனார் ஆசைப்பட்டதே அதற்குத்தானே!

இன்னொரு காரணத்தைத் தஞ்சைச் சீமைக்கு வெளியே உள்ளவர்கள் அவ்வளவாக அறியமாட்டார்கள். குடந்தைக் கடைவீதி காவேரித் தண்ணீரில் ஓடிய யந்திரம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. குறுவை அறுத்தால் ஐப்பசியில் கையில் பணம். சம்பா அறுத்தால் தையில் பணம். இடையில் உள்ள மாதங்களில் கிராமத்துக் குடும்பத்தைத் தாங்கியது கடைக்காரரின் கடன் நோட்டு. 2012 முதல் 2019 வரையில் எட்டு வருஷங்கள் தொடர்ந்து அணை அந்தத் தேதியில் திறக்கப்படவில்லை. வயல் காய்ந்தது, நோட்டு தடித்தது, கடை மெலிந்தது. 2020-ல் அணை குறித்த நாளில் திறந்தது. ஆனால் அந்த மார்ச்சு மாதத்திலேயே பெருந்தொற்றினால் நாடு முழுவதும் கடைகளை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு திறக்காத கதவுகள் பல.

கலாசாலைக்குப் போகும் வழியில், நமக்குப் பழக்கமான ஒரு காகிதக் கடை மட்டும் திறந்திருந்தது. நோட்டுப் புத்தகம், மை, பேனா, ரிக்கார்டு நோட்டு முதலியன விற்கும் கடை. பேனா முள்ளை மாற்றிக் கொடுக்கும் வேலையும் உண்டு. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நம்மைக் கண்டதும், "வாங்க தம்பி, வாத்தியாராயிட்டீங்களாமே" என்றார். நாம் சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. கடைவீதிக்கு அது பெரிய காரியமா?

வருகிற தை மாதத்தோடு கடையை மூடப்போவதாகச் சொன்னார். கட்டடம் கைமாறிவிட்டது, வாடகை கட்டுப்படியாகவில்லை. மேஜைமேல் நீளவாட்டத்தில் பழைய கணக்கு நோட்டுகள் அடுக்கியிருந்தன. கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த மாணவர்களுக்கு அறுவடை வரையில் கடன் கொடுத்த கணக்கு அவை. கணக்கு வாய்பாட்டுப் புத்தகம், ரிக்கார்டு நோட்டு, பரீட்சைக்கு முதல் நாள் ஒரு பேனா என்று பக்கம் பக்கமாக இருந்தது. பணம் வந்ததற்கு அடையாளமாகச் சில பக்கங்களில் குறுக்குக் கோடு; பல பக்கங்களில் கோடு இல்லை.

"ஐயா, வராத பாக்கி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டோம்.

"கூட்டிப் பார்த்ததில்லே தம்பி. கூட்டினா கோபம் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "வரவேண்டியதெல்லாம் பாதிக்கு மேலே வந்துட்டுது. ஒருத்தன் இருபது வருஷம் கழிச்சுக் குழந்தையோட வந்து குடுத்துட்டுப் போனான். நான் மறந்துட்டேன், அவன் மறக்கலே" என்றார்.

இந்த நோட்டுகளை என்ன செய்யப் போகிறீர்கள், எடைக்குப் போட்டுவிடுவீர்களா என்றோம்.

அவர் முகம் சற்று மாறியது. "எடைக்குப் போடறதா? யாரு யாரு கடன் வாங்கினாங்கன்னு ஊர் படிக்கவா? கடையை மூடற அன்னிக்கு அடுப்பிலே போட்டுடுவேன். அந்தப் பிள்ளைங்க எல்லாம் இப்போ பெரிய மனுஷங்க, தம்பி."

நமக்கு மேலே பேச நா எழவில்லை. இந்தியாவில் 2016 முதல் கைபேசியிலேயே பணம் செலுத்தும் முறை வந்திருக்கிறது. அது செய்யும் சௌகரியத்தை நாமும் தினமும் அநுபவிக்கிறோம். யார் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கை அது ஒருநாளும் மறப்பதில்லை. ஆனால் பிறருடைய மானத்தைக் காப்பதற்காகத் தமக்கு வரவேண்டிய பாக்கியையே அடுப்பில் போடத் தெரிந்த கணக்குப் புத்தகம் அதனிடம் கிடையாது.

இழந்தது என்ன என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. பண்டத்தை நாம் இழக்கவில்லை. அந்தக் காலத்தைக் காட்டிலும் பண்டங்கள் இப்போது மிகுதி. பலவற்றின் விலையும் சகாயம். வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது பேருதவி. நாம் இழந்தது, ஓர் ஊரில் ஒருவரை ஒருவர் அறிந்திருந்த நிலையை. கிராமத்துப் பையனின் கையில் பணம் இல்லை, ஆனால் அவன் யோக்கியன் என்று அறிந்த ஒரு மனிதர் கடைவீதியில் இருந்தார். நாலு நாளாகப் பெஞ்சிக்கு வராத கிழவரைப் பற்றி, "ஏன் காணோம்?" என்று விசாரிக்க ஒரு குரல் இருந்தது. பள்ளிக்கு வராமல் சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கும் மாணவனை, அவன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்த நாலு கடைக்காரர்கள் இருந்தார்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அவர்களுடைய அருமை இப்போது நன்றாகத் தெரிகிறது. அவர்கள் அனைவரும் சம்பளம் இல்லாத உபாத்தியாயர்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? போன ஆறு திரும்பி வராது. வாடகை சைக்கிளையும் ஈயம் பூசுகிறவரையும் திரும்ப அழைத்து வந்து உட்கார வைப்பது ஆகிற காரியமில்லை. ஆனால் பெஞ்சி போடலாம். கடை எதுவானாலும் வாசலில் ஒரு பெஞ்சி போடுவதற்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. நகரசபையாக 1866-ல் தொடங்கிய குடந்தை 2021-ல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. சாலையை அகலப்படுத்தவும் வண்டிகளை நிறுத்தவும் இடம் தேடுகிற அதிகாரிகள், மனிதர்கள் உட்காருவதற்கும் நாலடி இடம் தேடினால் குற்றமில்லை. அந்த இடத்தில் சாதி கேட்கக் கூடாது. ஸ்திரீகளும் கூச்சமில்லாமல் உட்காரக் கூடியதாக இருக்க வேண்டும். வரி கட்டி நாம் வைத்திருக்கும் நூலகங்களில் மாலை வேளையில் பத்துப் பேர் கூடிப் பேச ஓர் அறையைத் திறந்துவிடலாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது, விலை இரண்டு ரூபாய் அதிகமானாலும், நம் பெயரை அறிந்த கடைக்காரரிடம் ஒரு பொருளை வாங்கலாம். அந்த இரண்டு ரூபாய் பண்டத்துக்கல்ல; நம்மை ஒருவர் அறிந்திருப்பதற்குக் கொடுக்கும் சந்தா என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். அவரவர் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத கடைகள் எவை, அங்கே என்ன விற்றார்கள், யார் யார் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வர வேண்டும். கடைசிக் கேள்வியையும் சேர்க்கும்படி சொன்னது நம் இல்லத்தரசி. இதுவரை வந்த கட்டுரைகளில் ஒரு மாணவி எழுதிய செய்தி ஒன்று உண்டு. அவளுடைய பாட்டி தன் இளமையில் ஒரு காப்பிக் கடையின் பின்புறம் நின்று சிரட்டையில் காப்பி வாங்கிக் குடித்தவளாம். பேத்தியை அழைத்துக்கொண்டு முதன்முறையாக ஓர் உணவு விடுதியின் முன்வாசல் வழியே போய், நாற்காலியில் அமர்ந்து, டவரா டம்ளரில் காப்பி சாப்பிட்ட நாளைத்தான் தன் வாழ்நாளின் திருவிழா என்று அவள் சொன்னாளாம்.

நேயர்கள் வீட்டிலும் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசத் தக்க முதியவர்கள் இருப்பார்கள். இன்று மாலை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊர்க் கடைவீதியில் எந்தக் கடை வாசலில் பெஞ்சி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெஞ்சியில் இருந்தவரானாலும், பின்வாசலில் நின்றவரானாலும், அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.